அந்தியோகியாவில் ஒட்டிக்கொண்ட பெயர்

போன வாரம் பேருந்து நிலையத்தில் ஒரு தம்பி என் கையில் கைப்பிரதி ஒன்றைத் திணித்துவிட்டுப் போனார். 'நீங்கள் போகும் சபையின் பெயர் வேதத்தில் இருக்கிறதா?' என்று கொட்டை எழுத்தில் கேள்வி. இல்லையென்றால் அது மனுஷன் உண்டாக்கிய சபையாம். சரி, தேடித்தான் பார்ப்போமே என்று அன்று ராத்திரி வேதத்தை, அதாவது பைபிளை, எடுத்து உட்கார்ந்தேன்.

முதலில் 'கிறிஸ்தவர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிய ஏற்பாடு முழுக்க அது வருவது மூன்றே இடங்களில்: அப்போஸ்தலர் 11:26, 26:28, 1 பேதுரு 4:16. பவுல் தம் நிருபங்களில் ஒரு தடவைகூட அதை எழுதவில்லை. இயேசுவை நம்பியவர்கள் அவருக்குச் சகோதரர்கள், பரிசுத்தவான்கள். தங்கள் வழியை அவர்கள் 'மார்க்கம்' என்றார்கள். பவுலுக்கு எதிராக வாதாட வந்த வழக்கறிஞர் தெர்த்துல்லு சொன்ன பெயரோ 'நசரேயர்'.

பழைய சீரியாவின் நகரமான அந்தியோகியாவில்தான் முதல்முதல் கிறிஸ்தவர்கள் என்ற பேர் வழங்கிற்று என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். வழங்கியது யார்? அந்தச் சொல்லின் வாலே காட்டிக்கொடுக்கிறது. 'இயானுஸ்' என்பது ஒரு தலைவரின் ஆட்களைக் குறிக்க லத்தீனில் ஒட்டும் விகுதி. ஏரோதின் ஆட்கள் ஏரோதியர் ஆனதும் இப்படித்தான். நம் ஊரில் 'அவர் கோஷ்டி' என்போமே, அதே தொனி. யூதர்கள் வைத்திருக்க வாய்ப்பில்லை. 'கிறிஸ்து' என்பது 'மேசியா'வுக்கான கிரேக்கச் சொல்; இயேசுவை மேசியா என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் 'மேசியாவின் ஆட்கள்' என்று எதற்குச் சொல்லப் போகிறார்கள்? கேலிக்காகவோ அடையாளத்துக்காகவோ ஊரார் ஒட்டிய பெயர் என்றுதான் எனக்குப் படுகிறது. பிற்காலத்தில் ரோமப் பேரரசர் ஜூலியனின் தாடியையே நக்கலடித்த ஊர் அது!

ரோமர்களுக்கு அந்தப் பெயர் வாயில் சரியாக நுழையவும் இல்லை. கிரேக்கத்தில் 'கிரெஸ்தோஸ்' என்றால் நல்லவன், பயனுள்ளவன். அடிமைகளுக்குச் சாதாரணமாக வைத்த பெயர். 'கிறிஸ்தோஸ்' அவர்கள் காதில் அப்படி விழுந்தது. 64-இல் ரோம் எரிந்த கதையைச் சொல்லும் ரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதியில் முதலில் 'கிரெஸ்தியானர்' என்றிருந்ததை யாரோ ஓர் எழுத்தைச் சுரண்டித் திருத்தியிருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பெயர் உயிரையும் வாங்கியது. 112 வாக்கில் ரோம மாகாணமான பித்தினியாவின் ஆளுநர் பிளினி, திராயான் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில் கேட்கிறார்: வேறு குற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் அந்தப் பெயருக்காகவே தண்டிக்கலாமா? மூன்று முறை கேட்டும் 'ஆம், நான் கிறிஸ்தவன்' என்று நின்றவர்களை அவர் ஏற்கெனவே கொல்ல அனுப்பியிருந்தார். ஊரார் ஒட்டிய பெயர் சொந்தப் பெயரானது இப்படித்தான்.

அப்புறம் 'சபை'. மூலத்தில் 'எக்லேசியா'. நகரத்துக் குடிமக்கள் கூடும் கூட்டத்துக்குக் கிரேக்கர்கள் சொன்ன சாதாரணச் சொல். எபேசு அரங்கத்தில் 'எபேசியருடைய தியானாளே பெரியவள்' என்று இரண்டு மணி நேரம் கத்தியதே ஒரு கும்பல், அதற்கும் மூலத்தில் எக்லேசியாதான். தமிழில் அங்கே 'கூட்டம்' என்று போட்டுவிட்டதால் நாம் கவனிப்பதில்லை. பவுல் ஓரிடத்தில் 'தேவனுடைய சபை', இன்னோர் இடத்தில் 'கிறிஸ்துவின் சபையார்', வேறோர் இடத்தில் 'ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டிலே கூடுகிற சபை' என்று எழுதுகிறார். இதில் எதைப் பலகையில் எழுதுவது? கைப்பிரதித் தம்பியிடம் கேட்க வேண்டும். 'கத்தோலிக்க சபை' என்ற தொடரை முதலில் எழுதியதாக நமக்குத் தெரிகிறவர் அதே அந்தியோகியாவின் ஆயர் இக்னாசியார். கைதியாக ரோமுக்குப் போகும் வழியில் எழுதியது. அவர் சொன்னது முழுமையான, எங்குமுள்ள சபை என்ற பொருளில். தனியாக ஒரு பிரிவுக்குப் பெயர் சூட்டவில்லை.

திருநெல்வேலிப் பக்கம் எங்களை ஊரார் 'வேதக்காரங்க' என்பார்கள். எங்கள் ஆச்சியும் கடைசிவரை 'வேதக்கோயிலுக்குப் போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் இருந்த பலகையில் சபையின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது.