அப்படியே உக்காருமுங்ணா!

"அப்படியே உக்காருமுங்ணா" என்று இனி எவராவது என்னிடம் சொல்லட்டும். அவரைத்தான் முதலில் உட்கார வைப்பேன், சூடான சைலன்சர் மேல்.

களை எடுக்கிற என் பவர் வீடருக்கு வயது பதினொன்று. இன்ஜின் தேய்ந்துபோய்க் கொசுமருந்து வண்டி மாதிரி புகை. கியர் பாக்ஸ் மட்டும் யானை மாதிரி நிற்கிறது. மழை பெய்ததில் தென்னைக்கு நடுவே களை முழங்கால் உயரம். சரி, இன்ஜினை மட்டும் மாற்றுவோம், நாலு போல்ட், பெல்ட் ஓடுகிற ஒரு புல்லி, ஒரு கேபிள், என்ன பெரிய வித்தை? இப்படி நினைத்துக் கெட்ட முதல் ஆள் நானாக இருக்க முடியாது.

பொள்ளாச்சிக் கடையில் 196 சிசி இன்ஜின், ஆறரை ஹெச்பி. போல்ட் ஓட்டை நாலும் பொருந்தியது. அதில்தான் மயங்கிவிட்டேன். "புல்லி?" என்றேன். "பழசே போதும், அப்படியே உக்காருமுங்ணா."

உட்கார்ந்தது. அதுதான் கொடுமை. புல்லி என்றால் கட்டையை வைத்துத் தட்டித் தட்டி ஏற்றணும். இது எண்ணெய்க் கையில் வளையல் போடுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. "ஏனுங்க, அதுக்குள்ள முடிஞ்சுதுங்களா?" என்று வீட்டம்மா வேறு டீயோடு வந்துவிட்டார். பெருமையாக ஒரு விரலால் புல்லியைத் தொட்டேன். தஞ்சாவூர் பொம்மை மாதிரி தலையாட்டியது.

வெர்னியர் வைத்து அளந்து பார்த்தால் புல்லி ஓட்டை 20 மில்லி. அது ஏறுகிற இன்ஜின் ஷாஃப்ட் 19.05. அதாவது முக்கால் இஞ்சு! 1956-லேயே மெட்ரிக் அளவுக்குச் சட்டம் போட்ட நாடு ஐயா இது. அந்த முக்கால் இஞ்சு இத்தனை வருடம் எங்கே ஒளிந்திருந்து நேராக என் தோப்புக்கு வந்தது?

கடைக்குப் போன் போட்டேன். "ஒரு மில்லிகூட இல்லீங்களே, தகடு வெச்சு அடிங்ணா."

அடித்தேன். கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டினேன். அந்தத் தகடு சுமார் 0.1 மில்லி. இடைவெளி சுற்றிலும் அரை மில்லி. ஆக, நாலைந்து சுற்றுச் சுற்றணும், புல்லி தனியே சுற்றாமல் ஷாஃப்ட்டோடு பூட்டுகிற கீ போக வழியும் விடணும். முதல் சுற்றில் கட்டைவிரல் கிழிந்தது. இரண்டாவது சுற்று நன்றாகவே வந்தது, பாவம். மூன்றாவதில் தகடு மொத்தமும் கசங்கி அந்தப் பக்கம் அப்பளமாக வெளியே வந்தது. அப்புறம்தான் கீயைக் கவனித்தேன். புல்லியில் கீ உட்காருகிற காடி 6 மில்லி, கடைக்காரன் கொடுத்த கீ 4.76. புல்லி ஆட, கீ ஆட, நான் மட்டும் சும்மா இருப்பேனா? சுத்தியலைத் தூக்கி வீசினேன். அது போய் டீ டம்ளரில் விழுந்தது.

மறுபடி போன். எடுக்கவில்லை. மறுபடி. "அது உங்க பழைய இன்ஜினோட தப்புங்ணா, அதுல சைஸ் வேற."

பதினோரு வருடம் உழைத்துவிட்டு மூலையில் சாக்குப் போர்த்திக் கிடப்பதுதான் குற்றவாளியாம்.

லேத் பட்டறைக்கு ஓடினேன். அவர் புல்லியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குடைஞ்சு, உள்ள புஷ்னு ஒரு வளையம் அடிச்சு, புதுசா கீ காடி வெட்டோணும். எதுக்குங்க அவ்வளவு செலவு? முக்கால் இஞ்சு புல்லியே ரெடிமேடா கிடைக்குதே."

"எங்கே?"

"நீங்க இன்ஜின் வாங்குன கடையிலயே தொங்குமுங்க."

சிரித்தேன். வேறென்ன செய்ய? அவர் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அந்தக் கடைக்கு இன்று ஞாயிறு விடுமுறை.

அதை விடுங்கள். அந்த நாலு போல்ட்டையும் ஸ்க்ரூ ஸ்பேனரால் திருகித் தலை எல்லாம் மொழுக்கையாகிவிட்டது. ஏன் தெரியுமா? "அஞ்சே நிமிசம் மாப்ள" என்று போன தீபாவளிக்கு என் 12-13 ஸ்பேனரை வாங்கிப் போனாரே பக்கத்துத் தோட்டத்து மாமா, அவருக்கு இன்னும் அஞ்சு நிமிடம் ஆகவில்லை.