ஜரீனா பலூச் யாருடைய மனைவி என்று யார் கேட்டார்கள்?

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து நாட்டுப்புறப் பாடகி, நடிகை ஜரீனா பலூச்சைப் பற்றிச் சுற்றிவரும் அந்தப் பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஷேர் செய்ததில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறீர்கள். முதல் வரியிலேயே கணவர், அரசியல் தலைவர் ரசூல் பக்ஷ் பலிஜோ. பாட்டு மூன்றாவது வரியில். நடிப்பு எங்குமே இல்லை. சிந்து மக்கள் 'ஜீஜி' (அம்மா) என்று கொண்டாடிய ஜரீனா பலூச்சுக்கு நம்மாட்கள் செய்த மரியாதை இது.

கணக்கைப் பாருங்கள். 15 வயதில் முதல் திருமணம், இரண்டு குழந்தைகள், பிறகு பிரிவு. 1960இல் ஹைதராபாத் வானொலியில் சேர்ந்தார் (சிந்து ஹைதராபாத், சார்மினாரைத் தேடாதீர்கள்). 1961இல் முதல் இசை விருது. பலிஜோவை மணந்தது 1964இல். கணவர் வருவதற்கு முன்பே குரல் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. இது என்ன பெரிய கம்பசூத்திரமா?

"பலிஜோவின் கட்சி மேடை இல்லாவிட்டால் இவ்வளவு புகழ் வந்திருக்குமா?" என்று ஒருவர் வருவார். மேடை கிடைத்தது உண்மைதான். கூடவே கிடைத்தது என்ன தெரியுமா? 1979இல் ஜெனரல் ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சியை எதிர்த்து நின்றதற்காக சுக்கூர், கராச்சி சிறைகள். இதற்குப் பெயர் சிபாரிசு என்றால் எனக்குத் தமிழ் மறந்துவிட்டது. 1955 முதல் 1970 வரை, மேற்குப் பாகிஸ்தான் முழுவதையும் ஒரே மாகாணமாக்கும் 'ஒரே யூனிட்' திட்டம் என்று சிந்து மாகாணத்தையே கலைத்து வைத்திருந்தார்கள். அந்த நாளில் சிந்திக் கவிஞர் ஷேக் அயாஸின் கவிதையைச் சிந்தியில் பாடினாலே அது அரசியல்தான். அதற்குக் கணவர் எதற்கு?

இன்னொரு கூட்டம், "குரல் முரடு, இனிமை இல்லை." ஐயா, சிந்திக் கல்யாண வீட்டில் பெண்கள் கூடிப் பாடும் 'லாடா'வைக் கேட்டதுண்டா? மைக் கிடையாது. ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எடுத்துக் கொடுப்பவளின் குரல் தோலக்கையும் கைதட்டலையும் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போகவேண்டும். அதற்குத் திறந்த தொண்டை வேண்டும், நெஞ்சிலிருந்து எழும்பும் குரல் வேண்டும். மெல்லக் குழைத்துப் பாடினால் பதில் குரல் ஒரு அடி பிந்தும், பாட்டு அங்கேயே தொய்ந்துவிடும். 'ஹோ ஜமாலோ' என்ற சிந்தி நாட்டுப்புறப் பாட்டும் இதே கதைதான். ஒவ்வொரு வரிக்கும் கூட்டம் 'ஹோ ஜமாலோ' என்று பதில் சொல்லச் சொல்ல வேகம் ஏறும். இப்போது அதற்கு ஒரே வேகத்தில் மெஷின் தாளம் போட்டு ரீமிக்ஸ் செய்கிறார்கள். ஏற வழியில்லை, கூட்டத்துக்கும் வேலையில்லை. அதைக் கேட்டுவிட்டுத்தான் இனிமை பற்றிய வகுப்பு.

'டுங்கி மஞ்ச் தர்யா' போன்ற தொலைக்காட்சி நாடகங்களில் நடித்தார். 1967 முதல் 1997 வரை சிந்து பல்கலைக்கழகத்தின் மாடல் பள்ளியில் ஆசிரியை. அந்த வேலையோடுதான் பாட்டும் நடிப்பும் சிறையும். 1994இல் பாகிஸ்தான் அரசின் பிரைட் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ் விருது. அதிலும் கணவர் பெயர் இல்லை, நிம்மதி.

"சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபமா?" சின்னதுதான். சிந்தி நாட்டுப்புறப் பாடகர் அல்லன் ஃபக்கீரைப் பற்றி எழுதும்போது மட்டும் யாக்தாரோ என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தில் தொடங்குகிறீர்களே, அவர் மனைவி பெயரைத் தேடிப் பிடித்து முதல் வரியில் போடவில்லையே, ஏன்? ஆணுக்கு வாத்தியம், பெண்ணுக்கு வீட்டுக்காரர். பாடகி என்று யாரைப் பற்றி எழுதினாலும் இதே கூத்து. அலுத்துவிட்டது.

இதையே அங்கே மரியாதையாகக் கமெண்டில் எழுதினேன். நீக்கிவிட்டார்கள். அதனால் இங்கே. பெண்கள் குரல் பின்னால் வாங்கிப் பாடும் பழைய பதிவுகளாகத் தேடிக் கேளுங்கள், ரீமிக்ஸ் பக்கம் போகவேண்டாம்.