கட்டி தனியா இல்லை, அண்ணாச்சி

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துப் பேச்சை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம், முழுசாகப் பார்த்துவிட்டேன். "புற்றுச்செல் சீனியைத் தின்னுதான் வளருது. சீனியையும் சோத்தையும் நிறுத்துங்க, பட்டினியில செத்துப்போகும், கீமோ எதுக்கு?" என்று அண்ணாச்சி கேட்டதும் மண்டபமே கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் தாங்கவில்லை. கீமோவுக்குத் தேதி வாங்கி வைத்திருக்கிற எத்தனை வீடுகளுக்கு அந்த வீடியோ போயிருக்கும்?

கட்டி என்பது புற்றுச்செல் மட்டும் இல்லை. இதைத்தான் சொல்லப் போகிறேன், திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கணையப் புற்றின் ஸ்லைடு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நார்த்திசு பட்டை பட்டையாகக் கிடக்கும். நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோணல் மாணலான சுரப்பிகள். புற்றுச்செல் இருப்பது அந்தச் சுரப்பிகளில்தான். மற்றதெல்லாம் அக்கம்பக்கம்: நார் நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட், ரத்தக்குழாய், கிருமியையும் கழிவையும் விழுங்கும் மேக்ரோபேஜ், நோயை எதிர்க்கும் டி-செல். கணையக் கட்டிகள் பலவற்றில் பாதிக்கு மேல் இந்த அக்கம்பக்கம்தான்.

இவை சும்மா இருப்பதில்லை. புற்றுச்செல் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தை வெளியே விடுகிறது. பக்கத்து ஃபைப்ரோபிளாஸ்ட் அதைக் கேட்டு விழித்துக்கொண்டு கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைக் கொட்டுகிறது. பதிலுக்கு ஹெச்ஜிஎஃப், ஐஎல்-6 போன்ற தூதுப் புரதங்களை அனுப்புகிறது, புற்றுச்செல் பெருகுகிறது. மார்பகப் புற்றில் புற்றுச்செல் சிஎஸ்எஃப்-1 என்ற தூதுப் புரதத்தை அனுப்பி மேக்ரோபேஜைக் கூப்பிடும். வந்த மேக்ரோபேஜ் இஜிஎஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தைக் கொடுக்கும். இரண்டும் சேர்ந்தே ரத்தக்குழாய்ப் பக்கம் நகரும். கட்டி 1-2 மில்லிமீட்டருக்கு மேல் வளர ரத்தக்குழாய் வேண்டும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-லேயே எழுதினார். விஇஜிஎஃப் என்ற புரதத்தை அனுப்பித்தான் கட்டி அந்தக் குழாயை வரவழைக்கிறது. கொல்ல வந்த டி-செல்லிடம் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி, அதைப் பூட்டி அடக்கிவிடுகிறது. டி-செல்லின் இப்படிப்பட்ட பூட்டுகளைத் திறக்கும் வழியைக் காட்டியதற்குத்தான் 2018-இல் ஆலிசன், ஹோன்ஜோ என்ற இரண்டு ஆய்வாளர்களுக்கு நோபல்.

இப்போது பட்டினிக்கு வருகிறேன். 2016-இல் கணையப் புற்றில் கண்டது இது: புற்றுச்செல் தூண்டியதும் பக்கத்து ஸ்டெல்லேட் செல் (கணையத்தில் நார் நெய்யும் செல்) தன் உள்பொருளையே செரித்து, அலனின் என்ற அமினோ அமிலத்தை வெளியே விடுகிறது. புற்றுச்செல் குளுக்கோஸுக்குப் பதில் அதை எடுத்து எரித்துக்கொள்கிறது. நீங்கள் சீனி டப்பாவைப் பூட்டினால் பக்கத்துச் செல் ஊட்டுகிறது, அண்ணாச்சி. ஈரலும் சும்மா இராது. சோறு நின்றால் தசை கரையும், அதில் வரும் அமினோ அமிலத்திலிருந்து ஈரல் குளுக்கோஸ் செய்து ரத்தத்தில் விடும். கட்டி கழிவாக விட்ட லாக்டேட்டைக்கூடத் திரும்பக் குளுக்கோஸாக்கிக் கொடுக்கும். பட்டினி கிடப்பது நோயாளியின் தசைதான்.

"புற்றுச்செல் சீனி தின்னுதுன்னு கண்டதுக்குத்தானே ஜெர்மன் விஞ்ஞானி வார்பர்க் நோபல் வாங்கினாரு?" என்பார்கள். இல்லை. 1931-இல் அவருக்குக் கொடுத்தது செல் சுவாசிக்கும் நொதிக்காக. புற்றுச்செல் குளுக்கோஸை வாரி எடுப்பதை அவர் கண்டது உண்மை, அதை மறுக்கவில்லை. "பெட் ஸ்கேன்ல சீனிதானே ஒளிருது?" குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளை ஊசியில் ஏற்றி எடுக்கும் ஸ்கேன் அது, அதை வாரி எடுக்கும் இடம் ஒளிரும், மூளையும் ஒளிரும். 2021-இல் எலிக் கட்டிகளில் செல்வாரியாக அளந்தபோது அதிகம் குளுக்கோஸ் எடுத்தவை மேக்ரோபேஜ் வகை செல்கள், புற்றுச்செல் அதற்குப் பிறகுதான். ஸ்கேனில் தெரியும் ஒளியிலும் அக்கம்பக்கத்துக்குப் பங்கு உண்டு.

"அப்ப அந்த அக்கம்பக்கத்தையே அழிச்சிர வேண்டியதுதானே?" இது நல்ல கேள்வி, இதற்கு மட்டும் நின்று பதில் சொல்கிறேன். செய்து பார்த்தார்கள். 2014-இல் எலிகளின் கணையக் கட்டியில் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளை அழித்ததும் புற்று இன்னும் மூர்க்கமானது, எலிகள் சீக்கிரம் செத்தன. அந்த நார்த்திசு கட்டிக்கு ஊட்டவும் செய்கிறது, அதைக் கட்டிப்போடவும் செய்கிறது. ஆங்கில அறுவை மருத்துவர் ஸ்டீபன் பாஜெட் 1889-இல் மார்பகப் புற்றில் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, புற்றுச்செல் என்ற விதை எங்கும் விழும், ஒத்த மண்ணில், அதாவது ஒத்துப்போகும் உறுப்பில்தான் முளைக்கும் என்றார். அந்த மண்ணின் பேச்சை அப்போதிருந்து படித்து வருகிறார்கள், இன்னும் முடியவில்லை. அதை ஒரு மண்டபப் பேச்சில், ஒற்றை வரியில் முடித்துவிட்டீர்களே!

"கீமோ போட்டவனும் சாவுறானே" என்று கமெண்டில் எழுதப்போகிறவர்களுக்கு: சாகிறார்கள். அதற்காக, பிழைக்கக்கூடியவரை மெலிய வைத்து அனுப்பச் சொல்கிறீர்களா? ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினாலே எச்சரிக்கை. எடை கரைந்தவருக்கு மருந்தின் நச்சு கூடும், டோஸைக் குறைக்க நேரும், தேதி தள்ளிப்போகும். சிகிச்சையில் இருப்பவருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 50 கிலோ உடம்புக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். கிட்னிக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டு அளவை மாற்றுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே தராசில், எடை பாருங்கள். சோற்றைப் பறிக்காதீர்கள்.

நாட்டு மருந்தைப் பழிக்கிறேன் என்று தயவுசெய்து ஆரம்பிக்க வேண்டாம். பட்டினி போட்டுக் கொல்வது எந்த ஊர் வைத்தியம்?

நிறுத்தச் சொல்ல வேண்டியதை அண்ணாச்சி சொல்லவே இல்லை, எனக்கு அதுதான் ஆத்திரம். நம்ம பக்கத்தில் கல்யாண வீடென்றால் வெற்றிலைத் தட்டு இல்லாமல் இராது. புகையிலையே சேராத பாக்கும் புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் முதல் வகையில் வைத்துவிட்டது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற ரசாயனம் கன்னத்து ஃபைப்ரோபிளாஸ்ட்டைத் தூண்டுகிறது. அதிலுள்ள தாமிரம் லைசில் ஆக்சிடேஸ் நொதியை முடுக்கிக் கொலாஜனை இறுகக் கட்டுகிறது. புற்றுச்செல் ஒன்றுகூட வருவதற்கு முன்னமே மண் கெட்டுப்போகிறது. முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு கன்னத்தின் உள்பக்கம் வெளிறும், விரலால் தடவினால் கயிறு போல நார் தட்டுப்படும், வாய் திறப்பது குறையும்.

மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, முன்பற்களுக்கு நடுவே நிமிர்த்தி வையுங்கள். போகவில்லை என்றால், அல்லது இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால், திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் பல் ஓ.பி.யில் காட்டுங்கள். பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கை விட்டாலும் இறுகிய நார் முழுசாக இளகாது, ஆனால் விட்டவருக்கு ஆபத்து குறையும்.

அண்ணாச்சி, உங்கள்மேல் எனக்குப் பகை இல்லை. நீங்கள் சொன்னால் இந்த ஊரே கேட்கும் என்பதால்தான் கேட்கிறேன்: கீமோ வேண்டாம் என்று சொன்ன அந்தத் துண்டை மட்டுமாவது இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.