தரம் பார்த்துப் பட்டியல் போடாதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை வேலூர் லாங்கு பஜார் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில், எடைக்கு வந்த மூட்டையிலிருந்து ஒரு சிறுகதைத் தொகுப்பு எடுத்தேன். எண்பது பக்கம் இருக்கும். மேல் அட்டை போய்விட்டது. ஆசிரியர் பெயர் இருக்கிறது, குடியாத்தம் அச்சகத்தின் பெயர் இருக்கிறது, ஆண்டு இல்லை. ஏழு கதைகளும் தறிக்கூடத்தைச் சுற்றி நடப்பவை. பாவு ஓட்டுகிற பெண்கள், கூலி பாக்கி, சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி வீட்டுத் திண்ணையில் காத்திருப்பது. பத்து ரூபாய் கொடுத்து வாங்கிவந்து அன்று இரவே படித்து முடித்தேன். அப்புறம் இணையத்தில் நான் வழக்கமாகப் பார்க்கும் நூலகப் பட்டியல்களில் எல்லாம் தேடினேன். அந்தப் புத்தகம் எதிலும் இல்லை. ஆசிரியர் பெயரும் இல்லை.

பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். பதினொரு வருடமாகப் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள் எழுதிய கதை, கவிதை, நாடகம், நாவல் எல்லாவற்றுக்கும், நூலுக்கு ஒன்றாக, விவரக் கார்டு எழுதிவருகிறேன். ஐந்து செருப்பு டப்பாக்கள் நிறைந்துவிட்டன. நண்பர் ஒருவர், தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரே கேள்வி கேட்பார்: "ஐயா, மு.வ. சரி. அழகிய பெரியவன் சரி. இந்த அச்சகத்துக் கதைகளை எல்லாம் எதுக்கு எழுதி வைக்கிறீங்க? இலக்கியமா இதெல்லாம்?"

அவருக்கு நேரில் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். ஒரு நாட்டின் படைப்பிலக்கியத்துக்கு நூலடைவு, அதாவது வெளியான நூல்களின் விவரப் பட்டியல், தயாரிக்கிறவர் தரம் பார்க்கக் கூடாது. தரம் பார்ப்பது விமர்சகரின் வேலை. நூலடைவு அந்த விமர்சகருக்கு முன்னால் நடந்து முடிந்திருக்க வேண்டிய வேலை. பட்டியலில் இல்லாத புத்தகத்தை எந்த விமர்சகர் போய்த் தேடப்போகிறார்? 1961இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற, மு.வ.வின் அகல் விளக்கு நாவலுக்கு என் கார்டு தேவையே இல்லை. அது எங்கும் கிடைக்கும். கார்டு தேவைப்படுவது தறிக்கூடத்துக் கதைகளுக்குத்தான்.

ஜான் மர்டாக் 1865இல் அச்சான தமிழ்ப் புத்தகங்களுக்கு ஒரு வகைப்படுத்திய பட்டியல் வெளியிட்டார். அவர் கிறித்தவப் பணியாளர். சைவ, வைணவ நூல்களின் கருத்துகளோடு அவருக்கு உடன்பாடு இல்லை. இருந்தும் அவற்றைப் பட்டியலில் சேர்த்தார். இன்றைக்கு 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் அச்சைப் பற்றி எழுதுகிற எவரும் அவரிடம் போகாமல் இருக்க முடியாது. 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி பதிவான நூல்களை வைத்து 1960களில் நம் அரசு வெளியிட்ட தமிழ் நூல் விவர அட்டவணையும் இப்படித்தான், பதிவானது எதுவோ அது உள்ளே வந்தது. பிறகு சாகித்திய அக்காதெமி 1901 முதல் 1953 வரைக்கான இந்திய இலக்கிய நூலடைவை நான்கு தொகுதிகளாகக் கொண்டுவந்தது. பி.எஸ். கேசவனும் வி.ஒய். குல்கர்னியும் பதிப்பாசிரியர்கள், தமிழ் நான்காவது தொகுதியில் இருக்கிறது. மலைக்க வைக்கும் உழைப்பு, அதை நான் கும்பிடுகிறேன். ஆனால் இலக்கிய மதிப்பு உள்ளவை, நிலைக்கத் தக்கவை என்று சலித்து எடுத்த பட்டியல் அது. சல்லடையில் விழுந்தவை என்னென்ன என்பது இன்று யாருக்கும் தெரியாது.

சல்லடைக்கே வந்து சேராதவை அதைவிட அதிகம். 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, ஒரு புத்தகம் வெளியான முப்பது நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு படி அனுப்ப வேண்டும். சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி. அனுப்பாவிட்டால் ஐம்பது ரூபாய் வரை அபராதம், கூடவே புத்தகத்தின் விலை. கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த புத்தகங்களை வைத்துத்தான் 1957இலிருந்து இந்திய தேசிய நூற்பட்டியல் தயாராகிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். மனைவியின் வளையலை அடகு வைத்து முந்நூறு படி அச்சடித்த ஒரு நெசவாளிக்குக் கொல்கத்தா முகவரி யார் சொல்லியிருப்பார்கள்? அச்சகக்காரருக்கே தெரியாது. அந்தப் பார்சல் போகவில்லை என்ற ஒரே காரணத்தால் இந்த நாட்டின் கணக்கில் அந்த மனிதர் எழுத்தாளர் இல்லை. இதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை.

அதனால்தான் பட்டியல் வேலை மாவட்டத்திலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன். உட்கார்ந்த இடத்தில் வேறு பட்டியல்களைப் பார்த்து எழுதினால் அவற்றின் பிழையும் சேர்ந்து வரும். புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தே எழுத வேண்டும். ஒரு உதாரணம். வாணியம்பாடியில் கிடைத்த ஒரு கவிதை நூலை, பட்டியல் ஒன்றில் 2005 என்று போட்டிருந்தார்கள். தலைப்புப் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அது திருவள்ளுவர் ஆண்டு. முப்பத்தொன்றைக் கழித்தால் 1974. பாவம், அந்தக் கவிஞர் ஒரு தலைமுறை தள்ளிப்போய் உட்கார்ந்திருக்கிறார். தமிழ் வருடப் பெயர் மட்டும் போட்ட நூல்கள் இன்னும் சிக்கல். பிலவ என்றால் 1901ஆ, 1961ஆ?

ஆண்டே இல்லாத நூலுக்கும் வழி இருக்கிறது, அதற்கும் புத்தகம் கையில் இருக்க வேண்டும். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முன்னால். 'ந.பை.' என்று இருந்தால் நயா பைசா, 1957 முதல் 1964 வரை. அச்சக முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். துதிக்கை போட்ட (யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய வடிவ) லை, ணை இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் சின்ன அச்சகங்கள் பழைய ஈய எழுத்தை அதற்குப் பிறகும் வைத்து ஓட்டின, அதை மட்டும் நம்பக் கூடாது. 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்று இருந்தால் 1989க்குப் பின், சந்தேகமே இல்லை. என் தறிக்கூடத்துப் புத்தகத்தில் துதிக்கை லை இருக்கிறது, விலை 75 ந.பை. கார்டில் 1957–1964 என்று பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

யார் வட ஆற்காட்டுக்காரர் என்பதும் லேசான கேள்வி இல்லை. கவிக்கோ அப்துல் ரகுமான் பிறந்தது மதுரை, பேராசிரியராக இருந்தது வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில். அவரை விட்டுவிட்டு எப்படி எழுதுவது? சேர்த்துவிட்டேன். 1911 வரை சித்தூர்தான் இந்த மாவட்டத்தின் தலைநகர், அங்கே எழுதிய தெலுங்குக்காரர்களை என்ன செய்வது? ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் உருதுவில் கவிதை எழுதியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உருது தெரியாது. வாணியம்பாடி நண்பர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து தலைப்புப் பக்கங்களைப் படித்துச் சொல்கிறார், ஹிஜ்ரி ஆண்டையும் மாற்றித் தருகிறார். பாய் வரும் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் திருவிழா. தெருக்கூத்துப் பாட்டுப் புத்தகங்களும், பேருந்து நிலையத்தில் விற்ற மாத நாவல்களும் என் டப்பாவில் உண்டு.

பேராசிரியர் நண்பருக்குக் கடைசியாக நூல்தேட்டத்தைக் காட்டினேன். என். செல்வராஜா என்கிற நூலகர் இங்கிலாந்தில் இருந்துகொண்டு, 2002 முதல், ஈழத்தமிழர் நூல்களைத் தொகுதிக்கு ஆயிரம் என்ற கணக்கில், ஒவ்வொன்றுக்கும் சிறு குறிப்போடு பதிவு செய்துவருகிறார். கவிதையும் இருக்கிறது, பள்ளிக்கூட மலரும் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்ததைப் பார்த்த சமூகம் அது. எது தரமானது என்று கேட்டுக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரம் இல்லை. நண்பர் ரொம்ப நேரம் புரட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது, தன் மாமா எழுதி ஆற்காட்டில் அச்சடித்த நாடகம் ஒன்று வீட்டுப் பரணில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்றார். பதினொரு வருடமாக அதை என்னிடம் சொன்னதே இல்லை.

நமக்குத் தீ தேவையில்லை, எடைக்கல் போதும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நூலகத்தில் கழிவு என்று முத்திரை குத்தி மூட்டை கட்டியதில் உள்ளூர்க்காரர்களின் நூல்கள் எத்தனையோ போய்விட்டன. நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி கிளம்பிவிட்டது.

உங்கள் வீட்டிலும் பரண் இருக்கும். தாத்தா, அத்தை, பழைய வாத்தியார் யாராவது எழுதிய கதைப் புத்தகமோ கவிதைப் புத்தகமோ இருந்தால், நல்லதா கெட்டதா என்று பார்க்க வேண்டாம். தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், அச்சகப் பெயர் இருக்கும் கடைசிப் பக்கம், மூன்றையும் படம் எடுத்து உள்பெட்டியில் அனுப்புங்கள். விலை தெரிகிற மாதிரி எடுங்கள். புத்தகம் உங்களிடமே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் போகிறேன். அந்த அச்சகம் இருந்த தெருவை நடுப்பேட்டைப் பக்கம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அறுபது வருடத்துக்கு முன்னால் தறி ஓட்டிக்கொண்டே கதை எழுதிய ஒருவரைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசிக் கேட்டிருந்தால், அதற்குள் சொல்லுங்கள்.