இணைப்பு வளையத்துக்கும் ஒரு பத்தி வேண்டும்

ராக்கெட் அடுக்குகளைப் பற்றிய இந்தக் கட்டுரை எஞ்சின்களை அருமையாக விளக்குகிறது. ஆனால் அடுக்குகளை இணைக்கும் வளையத்தை ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது. மேலே இருக்கும் அத்தனை எடையையும் தாங்கும் அதே வளையம், கீழ் அடுக்கு எரிந்து முடிந்து பிரியவேண்டிய நொடியில் சுற்றிலும் ஒரே சமயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் தாமதித்தாலும் மேல் அடுக்கு சாய்ந்துவிடும். 2008 ஆகஸ்டில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 1 ராக்கெட்டின் மூன்றாவது பயணத்தில், அணைந்த முதல் அடுக்கில் மிஞ்சியிருந்த உந்துவிசை அதை முன்னே தள்ளி இரண்டாம் அடுக்கின் மீது மோதவைத்தது. எஞ்சின் அணைவதற்கும் பிரிவதற்கும் இடையிலான நேரத்தைக் கூட்டினார்கள். அடுத்த மாதமே நான்காவது பயணம் சுற்றுப்பாதையை எட்டியது. ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட்டில் மூடிய வளையத்துக்குப் பதில் திறந்த சட்டகம் இருப்பதையும் எழுதுங்கள்: கீழ் அடுக்கு பிரியும் முன்பே மேல் எஞ்சின் பற்றிக்கொள்வதால், அந்தச் சுவாலை வெளியேற வழி வேண்டும்.