எச்பி (குதிரைத்திறன்) கூடினால் போதாது

அண்ணே, உங்கள் 60 சென்ட் தோட்டத்துக்கு ஏறி ஓட்டும் புல்வெட்டி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு ஒருவர் "20 எச்பி வண்டியா எடுங்க, புல்லும் வெட்டும், உழவும் ஓட்டும்" என்று பதில் எழுதியிருப்பதை நம்பிக் காசைப் போட்டுவிடாதீர்கள். ஏறி ஓட்டும் புல்வெட்டி டிராக்டர் அல்ல. அதில் கலப்பையைப் பூட்டினால் கியர்பாக்ஸ் சூடேறிப் போய்விடும்.

எச்பியை விட முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கேட். 42 அங்குல டெக் (வண்டிக்கு அடியில் பிளேடுகளை மூடியிருக்கும் தட்டு) என்பது வெட்டும் அகலம் மட்டும்தான். புல் வெளியே தள்ளும் பக்கவாட்டு மூடியோடு சேர்த்தால் பெரும்பாலும் 50 அங்குலத்தைத் தாண்டும். நம் வளவு வீடுகளின் பின்கட்டு வாசல் 4 அடி, அதாவது 48 அங்குலம் என்றால் மூடியை மடக்கித்தான் நுழைக்க வேண்டும், அதுவும் உரசாமல்.

அப்புறம் தரை. காரைக்குடிப் பக்கம் செம்புறாங்கல் தலைநீட்டாத தோட்டம் எது? வெட்டிய கருவேலங்கட்டை புல்லுக்குள் ஒளிந்திருக்கும். பிளேடு ஒருமுறை மோதினால் அது சுழலும் தண்டே வளைந்துவிடும்.

நீங்கள் சொன்ன 60 சென்ட்டில் ஐப்பசி மழைக்குப் பிறகுதான் புல் மண்டும். அதற்குத் தோளில் மாட்டும் பிரஷ் கட்டரே போதும் என்பேன். 2 ஏக்கர், சமதளம், வருடம் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சும் புல்தரை என்றால் சரி, ஏறி ஓட்டுவதைப் பற்றிப் பேசலாம்.