இறந்தவர் கையில் பால்பாயின்ட் பேனா

முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்க உங்களுக்கும் மனசு வரும்.

சில வருஷங்களுக்கு முன்னால் இணைய ஏலம் ஒன்றில் ஒரு சிகரெட் அட்டை வாங்கினேன். இங்கிலாந்தின் பிளேயர்ஸ் சிகரெட் கம்பெனி 1938இல் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த கிரிக்கெட் வீரர்கள் செட், மொத்தம் ஐம்பது அட்டை, அதில் இங்கிலாந்து சுழற்பந்து வீச்சாளர் ஹெட்லி வெரிட்டியின் அட்டை. அகலம் இரண்டு விரல்கூட இருக்காது. அந்தத் துளியூண்டு இடத்தில், படத்துக்குக் குறுக்காக நீல மையில் அவர் கையெழுத்து. விற்றவர் 'பழைய குடும்ப ஆல்பத்திலிருந்து எடுத்தது' என்று எழுதியிருந்தார், கூடவே கோல்டு முத்திரை குத்திய சான்றிதழ் வேறு. மூன்று வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் காட்டினேன், கிரிக்கெட்டே பார்க்காத என் மைத்துனனிடம்கூட.

நாலாவது வாரம் ஏதோ தோன்றி, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிப் பேனாவில் எழுதினால் மை அட்டையின் நாருக்குள் இறங்கியிருக்கும், ஓரங்கள் லேசாகப் பரவியிருக்கும், கோடு முடிகிற இடத்தில் மை தேங்கி ஒரு நிழல் கருத்திருக்கும். இதில் அதெல்லாம் எதுவும் இல்லை. கோடு ஒரே சீராக, அட்டைக்குள் பள்ளம் அமுக்கிக்கொண்டு போயிருந்தது. எழுத்து வளைந்து திரும்புகிற இடம் தாண்டியதும் குண்டூசி முனை அளவில் ஒரு மைப்பிசின். அட்டையைத் திருப்பி நகத்தால் வருடிப் பார்த்தேன், பின்பக்கம் மேடு தட்டியது. பள்ளிக்கூடத்தில் அழுத்தி அழுத்தி எழுதி நோட்டின் அடுத்த பக்கத்தையும் பாழாக்கிய எவனுக்கும் இது என்ன பேனா என்று தெரியும்.

பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைக்கு வந்தது 1945 அக்டோபரில், நியூயார்க்கில். வெரிட்டி இறந்தது 1943 ஜூலை 31. சிசிலியில் போரில் காயம்பட்டு, போர்க் கைதியாக இத்தாலியின் கசெர்ட்டாவில் இறந்துபோனார். செத்து இரண்டு வருஷம் கழித்து ஒரு மனுஷர் எழுந்து வந்து பேனா வாங்கி எனக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். விற்றவருக்கு எழுதினேன். 'சான்றிதழ் இருக்கிறதே' என்று ஒரு வரி பதில் வந்தது, அதோடு அவர் போய்விட்டார்.

இந்த அடி வாங்கிய பிறகுதான் இந்தப் பொழுதுபோக்கை நான் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தது புரிந்தது. கையெழுத்துப் போட்ட பழைய கார்டு என்றாலே நாம் முதலில் கேட்பது 'யாருடையது?' என்பதுதான். அடுத்தது 'சான்றிதழ் உண்டா?'. நான் இப்போது முதலில் கேட்பது வேறு: இந்தக் கார்டு எப்போது வெளியானது, இந்த மனுஷர் எதுவரை இருந்தார்? இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் விஷயம். கார்டும் அந்தக் கையும் ஒரே நேரத்தில் உலகத்தில் இருந்த காலம் அது. இடைவெளி நீளமாக இருந்தால் எவ்வளவு பெரிய பெயரானாலும் தேடினால் கிடைக்கும். குறுகிவிட்டால் யாருக்கும் தெரியாத ஆட்டக்காரரின் கையெழுத்தும் கண்ணில் படாது.

வெரிட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை வந்தது 1938இல். அவருடைய கடைசி கவுண்டி ஆட்டம் முடிந்தது 1939 செப்டம்பர் 1ஆம் தேதி, ஹோவ் மைதானத்தில், சசெக்ஸுக்கு எதிராக 9 ரன் கொடுத்து 7 விக்கெட். அன்றைக்குத்தான் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. அதாவது ஒரு சிறுவன் இந்த அட்டையை எடுத்துக்கொண்டு பெவிலியன் வாசலில் போய் நிற்பதற்கு இருந்தது மொத்தமே இரண்டு சீசன். அப்படி நின்ற சிறுவர்கள் எத்தனை பேர், அவர்களில் அந்தத் துண்டு அட்டையைத் தொலைக்காமல் போரையும் தாண்டி வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தால், எனக்கு அவ்வளவு சுலபமாக ஒன்று கிடைத்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆசை கண்ணை மறைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அதே செட்டில் பிராட்மனும் இருக்கிறார். புகழில் வெரிட்டியைவிடப் பல மடங்கு. ஆனால் பிராட்மன் 2001 வரை இருந்தார், ஆட்டத்தை விட்ட பிறகும் பல பத்தாண்டுகள் ரசிகர்களின் கடிதங்களுக்கு உட்கார்ந்து பதில் போட்டார், கையெழுத்தும் போட்டார். கேட்டவருக்கெல்லாம் கொடுத்த கை அது. பேஸ்பாலில் பேப் ரூத்தும் ஏறக்குறைய அப்படித்தான், கூட்டம் கூட்டமாக நின்ற பிள்ளைகளுக்குச் சளைக்காமல் எழுதிக் கொடுத்தவர். அவர் கையெழுத்தின் விலையை ஏற்றியது ஆசைப்படுகிறவர்களின் எண்ணிக்கை. விலை அதிகம் என்பதையும் கிடைப்பது அரிது என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம், ஏலக்காரர்களுக்கும் அந்தக் குழப்பம் சௌகரியம்தான்.

இடைவெளிக் கணக்குக்கு என் மனசில் நிற்கிற உதாரணம் கென் ஹப்ஸ். சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் இரண்டாம் பேஸ் ஆட்டக்காரர், 1962இல் தேசிய லீகின் சிறந்த புதுமுகம். 1964 பிப்ரவரியில் தானே ஓட்டிய சிறிய விமானம் விழுந்து இறந்தார், வயது 22. டாப்ஸ் என்ற கார்டு கம்பெனியின் அந்த வருஷ செட்டில் 550ஆம் எண் கார்டு அவருக்கு அஞ்சலியாக வந்தது. 1962, 1963 கார்டுகளில் அவர் கையெழுத்து இருக்க வாய்ப்பு உண்டு, அதுவும் அந்த இரண்டே சீசனுக்குள். 1964 கார்டில் வாய்ப்பே இல்லை. அவர் அந்தக் கார்டைப் பார்த்ததே இல்லை. அதில் கையெழுத்தோடு யாராவது நீட்டினால் கண்ணாடியும் வேண்டாம், நிபுணரும் வேண்டாம், வணக்கம் சொல்லிவிட்டு நகரலாம்.

பேனாக் கணக்கை எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு போடவும் முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். கௌடி என்ற கம்பெனி 1933இல் வெளியிட்ட பேஸ்பால் கார்டில் பால்பாயின்ட் கையெழுத்து இருந்தால் உடனே போலி என்று கத்திவிடாதீர்கள். அந்தச் செட்டில் இருந்த பலர் எழுபது எண்பது வயதுவரை வாழ்ந்தார்கள். பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் அவர்களின் வீட்டு முகவரியைத் தேடிப்பிடித்து, பழைய கார்டையும், தபால்தலை ஒட்டித் தன் விலாசம் எழுதிய உறையையும் சேர்த்து அனுப்பிக் கையெழுத்து வாங்கினார்கள். விலை உயர்ந்த கார்டைத் தபாலில் போட்டுவிட்டு வாரக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தைரியசாலிகளால்தான் இன்றைக்கு நாம் பார்க்கிற கையெழுத்திட்ட பழைய கார்டுகளில் பல இருக்கின்றன. ஆகவே கேள்வி எப்போதும் ஆளுக்கு ஆள் மாறும். பேஸ்பால் வீரர் லூ கெரிக் 1941இல் இறந்தவர், அவர் கார்டில் பால்பாயின்ட் இருக்கவே முடியாது. ரூத் 1948 வரை இருந்தார், அவருக்குக் கடைசி இரண்டு மூன்று வருஷம் வாய்ப்பு உண்டு. சார்பி என்ற அழியாத மை மார்க்கர் பேனா வந்தது 1964இல், 1961இல் இறந்த பேஸ்பால் வீரர் டை காப் அதைத் தொட்டிருக்க முடியாது. காப் பச்சை மையில் எழுதுகிற பழக்கம் உள்ளவர், அதனாலேயே போலி போடுகிறவர்களும் பச்சை மைதான் வாங்குகிறார்கள்!

தேதியும் பேனாவும் சரியாக இருந்தும் கையெழுத்து மட்டும் வேறொருவருடையதாக இருக்கும் கொடுமை இன்னொன்று. பழைய பேஸ்பால் வீரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தன் பெயரைச் சிரமப்பட்டு வரைவார், பெரும்பாலும் அவர் மனைவி கேட்டிதான் அவருக்காகக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காலத்து மை, அந்தக் காலத்துக் காகிதம், அந்த வீட்டு மேஜை, எல்லாம் அசல்தான். கை மட்டும் மனைவியுடையது. நட்சத்திரங்கள் சலித்துப்போனால் அணியின் உடைமாற்றும் அறையில் வேலை செய்த பையன்களே அச்சு அசலாகப் பந்துகளில் போட்டுக்கொடுத்த கதைகளும் ஏராளம். இவற்றைப் பிடிக்க எந்தக் குறுக்குவழியும் இல்லை, அசல் என்று உறுதியான கையெழுத்துகளை நூற்றுக்கணக்கில் பார்த்துக் கண் பழக வேண்டும். என் கண் இன்னும் அந்த அளவுக்குப் பழகவில்லை, அதனால் ஜாக்சன் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை (பணமும் இல்லை, அது வேறு).

சான்றிதழ் பற்றி இரண்டு வார்த்தை. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கும்பல்களை வளைத்துப் பிடித்தது. அவர்கள் சரக்கோடு சான்றிதழையும் சேர்த்தே அச்சடித்தார்கள். பிடிபட்டவற்றில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட இருந்தது. அதையும் வாங்க ஆள் இருந்ததால்தானே போட்டார்கள். பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் மாதிரி மூன்றாம் தரப்பு நிறுவனங்கள் கையெழுத்து அசலா என்று பார்த்துச் சொல்வது அதைவிட எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தருவதும் பயிற்சி உள்ள கண்ணின் அபிப்பிராயம்தான். அதை நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டியாயிற்று, இனி யோசிக்க வேண்டியதில்லை என்று இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தப் பெட்டிக்குள் போனபிறகு கார்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்க்க முடியாது, பின்பக்கத்தை விரலால் தொட முடியாது. என் வெரிட்டி பெட்டிக்குள் வந்திருந்தால் இன்றைக்கும் நான் அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருப்பேன்.

இன்னொரு சண்டையும் எனக்கு உண்டு, கார்டின் நிலைமை பற்றி. ரொம்ப காலம் கார்டு சேகரிப்பவர்களுக்குக் கையெழுத்து என்பது ஒரு கறை. யாரோ பேனாவால் கிறுக்கிவிட்டான், மதிப்பு போச்சு என்பார்கள். 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போன பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952 டாப்ஸ் கார்டில் கையெழுத்து கிடையாது, கூரான மூலைகளுக்குத்தான் அந்த விலை. அந்தப் பார்வை இப்போது கையெழுத்துக் கார்டுக்குள்ளும் புகுந்துவிட்டது: கையெழுத்தும் வேண்டும், மூலை மழுங்கக் கூடாது, நடுவில் மடிப்பு விழக் கூடாது. யோசித்துப் பாருங்கள், கால்சட்டைப் பையில் கார்டைத் திணித்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடி, கூட்டத்தில் இடிபட்டு, கையை நீட்டி வாங்கின பையனின் கார்டு எப்படி இருக்கும்? மழுங்கித்தான் இருக்கும். எனக்கு அந்த மழுங்கல்தான் வேண்டும்.

மடிப்பும் பேசும். கையெழுத்துப் போட்ட பிறகு கார்டு மடங்கியிருந்தால் மடிப்புக் கோட்டில் மையும் சேர்ந்து உடைந்து உதிர்ந்திருக்கும். ஏற்கெனவே மடிந்த கார்டில் பிறகு எழுதினால், உடைந்த நாருக்குள் மை ஓடி, கோட்டோடு இரண்டு பக்கமும் கசிந்து நிற்கும். பழைய வீரர் ஒருவர் எழுபது வயதில் போட்டதென்றால் கசிவு சரிதான். இருபத்தைந்து வயதில் இறந்தவர் புதுக் கார்டில் போட்டதாகச் சொல்லிவிட்டு, பல வருஷப் பழைய மடிப்புக்குள் மை கசிந்திருந்தால் விற்பவர் விளக்கம் சொல்ல வேண்டும்.

உயிரோடிருக்கும் மூத்த வீரர்களிடம் 1950களின் கார்டுகளைக் கொண்டுபோய், தடித்த நீல மார்க்கரால் முகத்தின் மேலேயே கையெழுத்து வாங்குகிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. சட்டப்படி, நியாயப்படி எல்லாம் அசல்தான், ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் அந்தப் பளபளப்பு அந்தக் கார்டோடு ஒட்டவில்லை என்பது என் பிடிவாதம். நண்பர் ஒருவர் இதற்காக என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. அவரிடம் இருக்கும் கார்டுகள் என்னுடையதைவிட அழகு, விலையும் அதிகம். இருக்கட்டும்.

அந்த வெரிட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அட்டை அசல் 1938தான், கையெழுத்து மட்டும்தான் போலி என்பதால் தூக்கிப்போட மனசில்லை. பிற்பாடு யார் கையிலாவது போய் இன்னொருவரை ஏமாற்றக் கூடாதென்று உறையின் மேல் 'பால்பாயின்ட்' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது தேடிக்கொண்டிருப்பது அதே செட்டில் கென் ஃபார்ன்ஸ். எசெக்ஸின் வேகப்பந்து வீச்சாளர், 1941 அக்டோபரில் விமானப்படைப் பயிற்சியில் இறந்தவர், வெரிட்டியைவிடக் குறுகிய இடைவெளி. போன வாரம் ஒருவர் ஒன்றின் ஸ்கேன் அனுப்பினார். கறுப்பு மை, கோட்டின் முடிவில் லேசான தேக்கம், கீழ் மூலையில் ஒரு மடிப்பு, அதன்மேல் பெயரின் கடைசி எழுத்து. ஸ்கேனில் அந்த இடம் மட்டும் மங்கலாக இருக்கிறது. மடிப்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.